உட்கார்ந்தவளும் நின்றவளும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த மூக்கோடுதான் எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், நீளமான மர ஸ்கேல் ஒன்று. செராமிக் கம்பெனிகளை ஒட்டி ஊர்க்கோடியில் இருந்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒன்றிலிருந்து எட்டு வரை இருந்த பள்ளி அது. எனக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கூடவே ஆறு முதல் எட்டு வரை கணக்குப் பாடம்.

ஸ்கேலைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோணலான கோட்டைக் கண்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வருகைப் பதிவேட்டை நான் வைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் முதல் மாதமே, “சார், இனிமே நம்ம பள்ளிக்கூடத்து ஸ்டேட்மெண்ட் எல்லாம் நீங்கதான்” என்று என் தலையில் கட்டிவிட்டார். அவர் பெண்ணாடத்துக்காரர். சொந்தமாகக் கரும்பு போட்டிருந்தார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு எப்போது வரும் என்ற கவலையில் இருந்தவருக்கு என்னைப் போல் ஓர் இளிச்சவாயன் கிடைத்ததில் சந்தோஷம். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஸ்டேட்மெண்ட் என்பது பாய் மாதிரி விரியும் ஒரு தாள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வகுப்பினர் எத்தனை பேர், தந்தை தொழில், வருகை சதவீதம், தேர்ச்சி சதவீதம், இடைநின்றோர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இதில் தந்தை தொழிலை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேட்டால் பாதிப் பிள்ளைகள் “கம்பெனி சார்” என்பார்கள். எந்தக் கம்பெனி? ஒருவன் பொம்மைக் கம்பெனி என்பான், ஒருத்தி கரண்ட் பீஸ் கட்டைக் கம்பெனி என்பாள், இன்னொருவன் கப்பு சாசர் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். சில வீடுகளில் அப்பா கம்பெனியில் அச்சில் கரைத்த மண் ஊற்றுவார், அம்மா வீட்டில் அகல்விளக்கு தட்டுவார், கார்த்திகை மாதம் வந்தால் இரண்டு பேருமே அகல்தான். வயல்வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், “சீசனுக்கு கரும்பு வெட்டு சார், மத்த நாளு எது கெடைக்குதோ அது” என்பார்கள். இதையெல்லாம் அரை அங்குலக் கட்டத்தில் எப்படி எழுதுவது? ரயில்வே கேங்மேன் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது.

தேர்ச்சி விவரமும் அப்படித்தான். சதவீதம் புத்தகத்தைப் பார்த்து ஏறி இறங்கியதைவிட, கம்பெனிச் சூளையைப் பார்த்து ஏறி இறங்கியது அதிகம். சூளை இறக்குகிற நாட்களில் அம்மாக்கள் சரக்கு அடுக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரிய பெண் தங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்தால் கணக்கு புரியாது. புரியாவிட்டால் என்னிடம் அடி. ஆம், அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் பையன்களும் பெண்களும் ஏறக்குறைய சரிபாதி. எட்டாம் வகுப்புக்கு வரும்போது பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு ரயில்வே லைனைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே போன எங்கள் பெண்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மீதி இருக்கும். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கூட்டினால் கணக்கு நேராகிறதா என்பதுதான் என் கவலை.

நான் வந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் புலி. அவள் அப்பா ஒரு கம்பெனியில் சூளைக்குத் தீ போடுகிறவர். தம்பி அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஒரு நாள் ஆட்களும் வேலை நாட்களும் வருகிற கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போட்டு முடித்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“சார், ஆளு கூட போட்டா நாளு கொறையணுமே. உங்களுக்கு ஏறுதே?”

அவள் சொன்னது சரி. நான்தான் தலைகீழாகப் பெருக்கியிருந்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் அழித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடி போட்டேன். அந்த எரிச்சல் சில வாரங்கள் எனக்குள் அப்படியே கிடந்தது.

மார்ச் மாதத்தில் அவள் திடீரென்று வரவில்லை. மூன்றாம் நாள் ஆறாம் வகுப்பில் அவள் தம்பியை எழுப்பினேன்.

“ஏல, ஒங்க அக்கா ஏன் வரல?”

“அது ஒக்காந்துடுச்சி சார்.”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையன்கள் வாயைப் பொத்தினார்கள். என் திருநெல்வேலி ‘ஏல’வைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ஏல சார்’ என்றே பெயர்.

“உக்காந்துட்டாளா? எங்க உக்காந்தா?”

“வூட்ல சார்.”

“எதுக்கு உக்காந்தா? நாளைக்கு எந்திரிச்சு வரச் சொல்லுல!”

அவன் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு, “வர முடியாது சார். தலைக்குத் தண்ணி ஊத்தணும். நாளாவும்” என்றான். வகுப்பு வெடித்துவிட்டது. மேஜையில் ஸ்கேலால் ஓங்கித் தட்டி எல்லோரையும் அடக்கினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள இத்தனை நாளா? என்ன கொழுப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதில் எனக்கு ஒரு தர்க்கம் வேறு ஓடியது. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளையை அந்த ஊரில் ‘நின்னுட்டா’ என்பார்கள். அந்தச் சொல் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஸ்டேட்மெண்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறதே. வீட்டில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள், வேறென்ன? வாத்தியாரின் தப்பைக் கண்டுபிடித்த மேதைக்கு என் வகுப்பு தேவையில்லை போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முழுப்பரீட்சை நெருங்கியது. தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரை அதற்கு முன்னால் நீக்கிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். பெயர் இருந்தால் வருகை சதவீதமும் இறங்கும், தேர்ச்சி சதவீதமும் இறங்கும். பெயரையே எடுத்துவிட்டால் இரண்டும் ஏறும். பார்க்க அழகாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை நான் அவள் பெயரின் மேல் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். இடைநின்றோர் கட்டத்தில், பெண்கள் பக்கம், ஒன்றைக் கூட்டினேன். தலைமையாசிரியர் கரும்பு நினைப்பிலேயே சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். ஸ்டேட்மெண்டை உறையிலிட்டு, மறுநாள் கல்வி அலுவலகத்தில் சேர்த்துவிடும்படி அவரிடமே கொடுத்தேன். சாயங்காலம் மணி அடித்ததும் அவள் தம்பியைக் கூப்பிட்டேன்.

“ஒங்க அக்கா பேர எடுத்தாச்சு. வீட்டுல போய்ச் சொல்லு.”

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “சரி சார்” என்று ஓடினான். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இந்தக் குடும்பத்துக்கே திமிர் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அதே பையன் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை இரண்டு கைகளாலும் நீட்டினான். “அப்பா உங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கச் சொன்னாரு சார்.” பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. மேலே கடவுள் துணை, கீழே தாய்மாமன்கள் பெயர்கள், நடுவில் பெரிய எழுத்தில் அவள் பெயர். முந்தின நாள் நான் சிவப்புக் கோடு போட்ட அதே பெயர்.

மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் பத்திரிகையைக் காட்டினேன். உள்ளூர்க்காரர், மாதாகோயில் தெருவில் வீடு. என் அம்மா வயது இருக்கும். “இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டாள்ல?” என்றேன்.

“யாரு சார் சொன்னாங்க? அது ஒக்காந்துடுச்சி.”

“அதத்தான் நானும் சொல்றேன். உக்காந்துட்டா.”

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், பொண்ணு ஒக்காந்துடுச்சின்னா இன்னான்னு நெனச்சீங்க? வயசுக்கு வந்துடுச்சின்னு அர்த்தம்.” சொல்லிவிட்டுச் சாக்பீஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எங்கள் பக்கத்தில் சடங்காயிட்டா என்போம், பெரிய மனுஷி ஆயிட்டா என்போம். உட்கார்ந்தாள் என்றால் எங்களுக்கு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எங்கே உட்கார்ந்தாள், எதற்கு உட்கார்ந்தாள் என்று நான் போட்ட சத்தம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காதெல்லாம் சூடேறியது.

நான் பெயரை எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் டீச்சரின் சிரிப்பு நின்றது.

“அய்யோ, எடுத்துட்டீங்களா? சார், இங்க ஒக்காந்த பொண்ணுங்கள்ள பாதி அப்பிடியே நின்னுடும். இதோட பெரியப்பன் வேற, இனிமே பள்ளிக்கூடம் வேணாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம். அவங்கம்மாதான் எட்டாவதாவது முடிக்கட்டும்னு கெஞ்சிக்கினு இருக்குது. பேரே இல்லன்னு தெரிஞ்சா அவருக்கு வேற இன்னா வேணும்?”

நின்றுபோகாத ஒரு பெண்ணை நின்றவள் என்று நானே எழுதி, அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தலைமையாசிரியரைத் தேடி ஓடினேன். வெட்டு உத்தரவு வந்துவிட்டதாம், அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே பெண்ணாடம் போய்விட்டார். ஸ்டேட்மெண்ட் இந்நேரம் அலுவலகத்தில் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும். அது வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

சனிக்கிழமை முழுவதும் பாயில் புரண்டேன். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நூறு தடவை யோசித்தேன். கடைசியில் கடைத்தெருவில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அப்பா காலரைப் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று தோன்றியது. பிடித்தால் நியாயம்தான்.

பந்தலில் மைக் செட் அலறியது. மாலையும் கழுத்துமாக அவள் நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் சட்டென்று எழுந்தாள். சுற்றி நின்ற அத்தைமார்கள் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். அவள் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார். முழங்கையெல்லாம் பழைய தீக்காயத் தழும்பு. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சார், வாங்க, குந்துங்க. பையன் வந்து சொன்னான் சார்.”

என் கைகளை விடாமல் அவரே தொடர்ந்தார்.

“அக்கா பேரு எடுத்துடுச்சாம், சாரே கூப்புட்டு வூட்ல சொல்லச் சொன்னாருன்னு ஓடியாந்தான். எங்க அண்ணன் ஒரு வாரமா ஒரே பேச்சு சார், ஒக்காந்த பொண்ண இனிமே எதுக்கு அனுப்புறன்னு. நானும் சரின்னுதான் இருந்தேன், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஆனா வாத்தியாரே சொல்லிவுட்டப்பறம் எப்பிடி சார் நிறுத்தறது? பரீட்ச எழுதட்டும்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் சொன்னது ‘பேர எடுத்தாச்சு’. கம்பெனி மதில்சுவரை ஒட்டி அந்தப் பையன் வீடு வரைக்கும் ஓடியதில் அது ‘பேரு எடுத்தாச்சு’ ஆகிவிட்டது. நான் நீக்கிவிட்டேன் என்றேன். அவர்கள் வீட்டில் அது நல்ல பேர் வாங்கிவிட்டாள் என்று போய் இறங்கியிருக்கிறது. அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. உடனே அழுகையும் வந்தது. மைக் செட் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“இன்னாத்துல சார் பேரு எடுத்துச்சி?” என்று கேட்டார் அவர்.

“கணக்குல. நான் போட்ட கணக்குல தப்பு இருக்குன்னு எனக்கே எடுத்துச் சொன்னா.”

அவர் முகம் மாறியது. “உங்களையே எதுத்துப் பேசுச்சா சார்?”

“எதுத்துப் பேசல. சரியாப் பேசுனா. நான்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

உண்மை முழுவதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். யாரோ ஒரு கரண்டி கேசரியை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டி, “சாப்புடுங்க சார்” என்றார்கள். சாப்பிட்டேன். அந்த உண்மையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

ஆனால் ஆபத்து முழுவதுமாகத் தீரவில்லை. திங்கட்கிழமை காலை பெண்ணாடம் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கே போய் நின்றேன். தலைமையாசிரியர் இறங்கினார். ஸ்டேட்மெண்டைக் கொடுத்தாச்சா என்று கேட்டேன். குற்றவாளி மாதிரி விழித்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். வெட்டு ஆளு புடிக்கவே நேரம் சரியாப் போச்சி. இன்னிக்கு எப்பிடியும் குடுத்துடறேன்.” தோள்பையைத் திறந்தார். ஆலைக் காகிதங்களுக்கு நடுவில், ஓரம் மடங்கி, டீக் கறையோடு என் உறை கிடந்தது.

“குடுக்காதீங்க சார்!” என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இந்த மனிதரின் மெத்தனத்தைப் பற்றி எத்தனை நாள் அறையில் தனியாகத் திட்டியிருப்பேன். அன்றைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன், செருப்பில் கரும்புக் கொல்லைச் சேறு இல்லாமல் இருந்திருந்தால். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பள்ளி வரும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பதிவேட்டில் என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘தவறுதலாக நீக்கப்பட்டது’ என்று அவர் கோணல் கையெழுத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். ஸ்டேட்மெண்டைப் புதிதாக எழுதினேன். இடைநின்றோரில் ஒன்று குறைந்தது, வருகை சதவீதமும் கொஞ்சம் இறங்கியது. இறங்கட்டும் என்று எழுதினேன்.

பரீட்சைக்குத் தாவணி போட்டுக்கொண்டு, நான் விழாவில் கொடுத்த ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தாள். கணக்கில் முதல், இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிக் கரையேறினாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அதே பள்ளியில்தான் இருந்தேன். எந்தப் பெண்ணாவது ஒக்காந்துடுச்சி என்று சேதி வந்தால், மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்த வாரமே வீடு தேடிப் போய், “உங்க பொண்ணு நல்ல பேரு எடுத்திருக்குது, சார் சொல்லச் சொன்னாரு” என்று அப்பனுக்குக் காது கேட்கும்படி சொல்லிவிட்டு வருவார். முன்பு வாய் தவறிப் பலித்ததை இப்போது தெரிந்தே செய்தோம். சில வீடுகளில் பலித்தது, சில வீடுகளில் டீயோடு திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சு நிரம்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். படுத்துத் தூங்க இடமில்லாத வருஷங்கள் இருந்தன என்று சொல்லலாம்.

அந்த முதல் வருஷம் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அவள் அப்பா வேலையிலிருந்து நேராக வந்தார். தலையெல்லாம் வெள்ளை மண். கூடவே அவள். பரீட்சை எழுதட்டும் என்றுதான் பந்தலில் சொல்லியிருந்தார். அதற்கு மேல் என்ன என்று கேட்க எனக்கு அதுவரை தைரியம் வரவில்லை. டி.சி. கேட்டார். எதற்கு என்று கேட்டேன். லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு என்றார். எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தாளைத் தலைகீழாக இல்லாமல் நேராகத்தான் பிடித்தார். ஆனால் படிக்கத் தெரியாது.

“இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிங்க சார்.”

வரி வரியாகப் படித்தேன். பெயர், பிறந்த தேதி, வகுப்பு. பள்ளியை விட்டு நீங்கும் காரணம், மேல்படிப்பு.

“அந்தக் கடைசிய இன்னொரு தரம் படிங்க.”

படித்தேன். அவர் தாளை வாங்கி மடிக்காமல் மகளிடம் கொடுத்தார்.

“எங்க வூட்டுப் பொண்ணுங்க பள்ளிக்கூடத்த வுட்டதுக்கு எத்தினியோ காரணம் இருந்துருக்குது சார்” என்றார். “இந்தக் காரணம் இதான் மொதோ தபா.”